பிரிவாற்றாமையும் ஆற்றியிருத்தலும்: காத்திருந்த நாய்கள் சொல்லும் வரலாறு



பள்ளி தொடங்கும் முதல் நாளன்று முதலாம் ஆண்டு வகுப்பின் வாசலில் நின்றவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. தாயின் கையை விடாமல் பற்றிக்கொண்டு அழும் குழந்தை. சன்னலுக்கு வெளியே, போகவும் மனமின்றி நிற்கவும் வழியின்றித் தவிக்கும் தாய். இரண்டு மூன்று வாரங்கள் கழிந்தால் அதே குழந்தை திரும்பிப் பாராமல் வகுப்பிற்குள் ஓடிவிடும். இடையில் நடந்தது என்ன? அம்மா போய்விடுகிறாள், ஆனால் மணியடித்ததும் வந்துவிடுகிறாள் என்பதை அது கற்றுக்கொண்டது. எந்தப் பாடநூலிலும் இல்லாத அப்பாடமே அக்குழந்தை பள்ளியில் கற்கும் முதற்பாடம்.

சில மாதங்களுக்கு முன், பெற்றோர் சந்திப்பு நாளில் ஒரு தாயார், மகனின் தேர்ச்சி அறிக்கையைப் பார்த்து முடித்த பின்னும் எழாமல் அமர்ந்திருந்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஐயா, நாங்க வேலைக்குக் கிளம்பினதும் வீட்டு நாய் ஊளையிட ஆரம்பிச்சிடுது. கதவெல்லாம் பிறாண்டி வச்சிருக்கு. பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு தடவை சொல்லிட்டாங்க. அடிச்சும் பார்த்தாச்சு. யாருக்காவது கொடுத்திடலாம்னு அவரு சொல்றாரு. இவன் சாப்பிடாம அழறான்."

அன்று என்னிடம் விடையில்லை. நான் விலங்கு மருத்துவன் அல்லேன். வரலாறு படிப்பதில் விருப்பமுள்ள ஆசிரியன். ஆகவே எனக்குத் தெரிந்த வழியில், அதாவது நூல்களின் வழியில், இக்கேள்வியைத் தொடர்ந்து சென்றேன். அந்தத் தேடலில், மனிதன் நாயைப் பற்றிக் கொண்டிருந்த கருத்து எவ்வாறு மாறிவந்தது என்னும் நெடிய கதை கிட்டியது. அதன் சுருக்கமே இக்கட்டுரை.

நம் மொழியில் உள்ள பெயர்

வளர்ப்பவர் வெளியே சென்றதும் நாய்க்கு ஏற்படும் இத்துன்பத்தை மருத்துவர்கள் 'பிரிவுப் பதற்றம்' என்று குறிக்கின்றனர். இடைவிடாத குரைப்பு, ஊளை, கதவையும் சன்னலையும் பிறாண்டுதல், பழக்கப்பட்ட நாயே வீட்டிற்குள் சிறுநீர் கழித்தல், எச்சில் வடிதல், உணவைத் தொடாமல் இருத்தல், அறைக்குள் அங்குமிங்கும் ஓயாது நடத்தல் ஆகியன இதன் அறிகுறிகள். வளர்ப்பவர் வீட்டில் இருக்கும்போது இவை தோன்றுவதில்லை. அவர் சென்ற பின்னரே தோன்றுகின்றன.

தமிழாசிரியர்களுக்கு இவ்விடத்தில் வேறொரு சொல் நினைவுக்கு வரும். திருக்குறளின் 116ஆம் அதிகாரத்தின் பெயர் 'பிரிவாற்றாமை'. பிரிவைத் தாங்க இயலாமை என்பது பொருள். அகத்திணை மரபில் பிரிதல் பாலைக்கு உரியது. தலைவன் சொன்ன பருவத்தில் வந்துவிடுவான் என்று நம்பி ஆற்றியிருத்தல் முல்லைக்கு உரியது. இரண்டிலும் தலைவன் அருகில் இல்லை. ஒன்றில் பிரிவு மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது. மற்றொன்றில் மீட்சியின் மீது நம்பிக்கை இருக்கிறது. மனிதக் காதலுக்கு வகுத்த இலக்கணத்தை விலங்கிற்குப் பொருத்துவதாக எவரும் கருத வேண்டா. ஆயினும் இவ்விரு சொற்களைக் காட்டிலும் பொருத்தமான சொற்களை நான் வேறெங்கும் காணவில்லை. ஆற்றாமையிலிருந்து ஆற்றியிருத்தலுக்கு ஒரு நாயை எவ்வாறு கொண்டுசெல்வது என்பதே நம் கேள்வி.

காத்தலும் காத்திருத்தலும்

நாய்க்கும் மனிதனுக்கும் உள்ள உறவு உழவுத்தொழிலை விடவும் பழையது. ஜெர்மனியின் பான் நகருக்கு அருகிலுள்ள ஓபர்காசெல் என்னும் இடத்தில் 1914ஆம் ஆண்டு ஏறத்தாழ 14,000 ஆண்டுகள் பழமையான ஒரு புதைகுழி கண்டெடுக்கப்பட்டது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அடக்கம் செய்யப்பட்டிருந்த அக்குழியில் ஒரு நாய்க்குட்டியின் எலும்புகளும் இருந்தன. அதன் பற்களை ஆராய்ந்த அறிஞர்கள் 2018இல் ஒரு செய்தியை வெளியிட்டனர். ஏழு மாத வயதில் இறந்த அக்குட்டி, அதற்கு முன் கடும் நோய்க்கு ஆளாகியிருந்தது. எவரேனும் அருகிலிருந்து பேணியிராவிட்டால் அது பல வாரங்கள் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்பதே அச்செய்தி. வேட்டைக்கும் காவலுக்கும் பயன்படாத நோயுற்ற குட்டி ஒன்றை அன்றைய மனிதர் விட்டுவிடவில்லை.

இலக்கியத்தில் காத்திருக்கும் நாய்களுள் மிகப் புகழ்பெற்றது கிரேக்கக் காப்பியமான ஒடிசியில் வருவது. போருக்குச் சென்ற ஒடிசியசு இருபது ஆண்டுகள் கழித்து மாறுவேடத்தில் வீடு திரும்புகிறான். எருக்குவியலின் மீது கேட்பாரற்றுக் கிடக்கும் அவனுடைய கிழநாய் ஆர்கோசு அவனை அடையாளம் கண்டுகொள்கிறது. வாலை அசைத்துவிட்டு உயிர்விடுகிறது.

நம் தமிழ்நிலத்திலும் ஒரு நாய்க்குக் கல்லில் இடம் கிடைத்திருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள நடுகல் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, கி.பி. ஏழாம் நூற்றாண்டினது. எருமைகளைக் காக்கும் பூசலில் வீழ்ந்த கருந்தேவகத்தி என்னும் வீரனுக்காக எடுக்கப்பட்ட அக்கல்லில் அவனுடைய நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்நாய் கள்வரைக் கடித்துக் 'காத்திருந்த' செய்தியைக் கல்வெட்டு கூறுகிறது. காத்தல் என்றால் பாதுகாத்தல். காத்திருத்தல் என்றால் எதிர்நோக்கியிருத்தலும் ஆகும். இவ்விரண்டையும் ஒரே வேர்ச்சொல்லில் அடக்கியுள்ளது நம் மொழி. இறந்த தலைவனின் அருகே நின்ற அந்நாய் செய்தது இவ்விரண்டில் எது? இரண்டுமே என்று எண்ணத் தோன்றுகிறது.

இக்கதைகள் அனைத்திலும் ஒரு பொதுத்தன்மையைக் காணலாம். காத்திருந்த நாயை மனிதன் போற்றினான். ஆனால் காத்திருந்தபோது அது என்ன துன்பம் அடைந்தது என்று கேட்கவில்லை.

எடின்பரோவும் சிபுயாவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்போற்றுதல் சிலை வடிவம் பெற்றது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஜான் கிரே என்பவர் 1858 பிப்ரவரியில் இறந்து கிரேபிரையர்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய சிறு நாய் பாபி, 1872 ஜனவரியில் தான் இறக்கும்வரை பதினான்கு ஆண்டுகள் அக்கல்லறையை விட்டு அகலவில்லை என்பது வழக்கு. 1867இல் நாய்களுக்கு உரிமம் பெறவேண்டும் என்ற நிலை எழுந்தபோது, நகரத் தலைவர் வில்லியம் சேம்பர்ஸ் தாமே அதற்குரிய கட்டணத்தைச் செலுத்திக் கழுத்துப்பட்டை ஒன்றையும் அளித்தார். 1873இல் சிலையும் எழுந்தது. ஆனால் ஜான் பாண்டெசன் என்னும் ஆய்வாளர், பாபி என்ற பெயரில் இருந்தவை ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு நாய்கள் என்றும், சுற்றுலாப் பயணிகளின் வருகையால் கதை வளர்ந்தது என்றும் 2011இல் வாதிட்டார். கதையை நம்ப மக்கள் விரும்பினர் என்பதில் மட்டும் ஐயமில்லை.

ஜப்பானின் ஹாச்சிகோவைப் பற்றிய பதிவுகள் இன்னும் தெளிவானவை. 1923 நவம்பரில் அக்கித்தா மாநிலத்தில் பிறந்த அந்நாய், அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் தோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தின் வேளாண் பொறியியல் பேராசிரியர் உவேனோ ஹிதேசபுரோவின் வீட்டிற்கு வந்து சேர்ந்தது. அவரை வழியனுப்பவும் வரவேற்கவும் சிபுயா தொடர்வண்டி நிலையத்திற்குச் செல்லும் வழக்கம் ஏற்பட்டது. 1925 மே 21ஆம் நாள் பணியிடத்திலேயே மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு அவர் இறந்தார். நாய் அவருடன் வாழ்ந்தது ஏறத்தாழ பதினாறு மாதங்கள். அதன் பின்னர் அது நிலையத்திற்கு வந்து நின்றது ஏறத்தாழ பத்தாண்டுகள்.

இங்கு நாம் பெரும்பாலும் மறந்துவிடும் ஒரு பகுதி உண்டு. தொடக்க ஆண்டுகளில் ஹாச்சிகோவை எவரும் போற்றவில்லை. நிலைய ஊழியர்களும் வணிகர்களும் அதைத் தொல்லை தரும் தெருநாயாகவே கருதி விரட்டினர். 1932 அக்டோபரில் ஆசாகி நாளிதழில் அதைப் பற்றிய கட்டுரை வெளிவந்த பின்னரே அது நாடறிந்த நாயாயிற்று. 1934 ஏப்ரலில் வெண்கலச் சிலை திறக்கப்பட்டபோது ஹாச்சிகோவும் அங்கிருந்தது. மறு ஆண்டு மார்ச் 8ஆம் நாள் அது இறந்தது. அதே ஆண்டில் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான நன்னெறிப் பாடநூலில், நன்றி மறவாமையை உணர்த்தும் பாடமாக அதன் கதை இடம்பெற்றது. அரசருக்கும் நாட்டிற்கும் பற்றுடைமையைப் புகட்டிய காலம் அது. போர் முற்றியபோது, அப்பற்றின் அடையாளமாக நின்ற சிலையே உலோகத் தேவைக்காக உருக்கப்பட்டது. இப்போது சிபுயாவில் நிற்பது 1948இல் நிறுவப்பட்ட சிலை.

நன்னெறிக் கல்வி கற்பிக்கும் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டிய இடம் இது. நாயின் காத்திருப்பை 'நன்றி' என்ற ஒரே சொல்லால் விளக்கிவிட்டால், அதே நாய் கதவைப் பிறாண்டும்போது அதை 'நன்றிகெட்ட செயல்' என்றே நாம் சொல்லுவோம். நிலையத்தில் நின்ற நாயும் கதவைப் பிறாண்டும் நாயும் உணர்வில் வெகுதொலைவில் உள்ளவை அல்ல. இரண்டும் தேடுவது ஒருவரையே.

அழுத குழந்தைகள் கற்பித்த பாடம்

இத்துன்பத்தை அறிவியல் புரிந்துகொண்டது நேர்வழியில் அன்று. மனிதக் குழந்தைகளின் வழியாகவே.

நாயின் நினைவாற்றலைச் சோதித்துப் பார்த்த முன்னோடிகளுள் ஒருவர் சார்லஸ் டார்வின். பீகிள் கப்பலில் உலகைச் சுற்றிவிட்டு ஐந்து ஆண்டுகளும் இரண்டு நாள்களும் கழித்து வீடு திரும்பியவர், அந்நியரை அண்டவிடாத தம் நாயை வேண்டுமென்றே பழைய முறையில் அழைத்துப் பார்த்தார். அரைமணி நேரத்திற்கு முன் பிரிந்ததுபோல் அது பின்தொடர்ந்து வந்தது என்று 1871இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். நினைவு இருக்கிறது என்பது உறுதியாயிற்று. துன்பத்தைப் பற்றிய கேள்விக்கு இன்னும் எண்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

1950களின் தொடக்கம் வரை இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் நோயுற்ற குழந்தைகளைப் பெற்றோர் பார்க்க மிகக் குறைந்த நேரமே அனுமதிக்கப்பட்டது. தாய் வந்து போனால் குழந்தை அழுகிறது. வராவிட்டால் அமைதியாக இருக்கிறது. ஆகவே வராமல் இருப்பதே நன்று என்று செவிலியரும் மருத்துவரும் நம்பினர். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி மருத்துவமனையில் கழித்த எட்டு நாள்களைப் படம்பிடித்து 1952இல் திரையிட்டார். அமைதியாக இருக்கும் குழந்தை ஆறுதல் அடைந்த குழந்தையன்று, நம்பிக்கை இழந்த குழந்தை என்பதை அப்படம் காட்டியது. பல மருத்துவர்கள் முதலில் ஏற்க மறுத்தனர். எனினும் 1959இல் வெளிவந்த பிளாட் அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்க வழிவிட வேண்டும் என்று பரிந்துரைத்தது.

ராபர்ட்சனுடன் பணியாற்றிய ஜான் பவுல்பி, குழந்தைக்கும் பேணுபவருக்கும் இடையிலான பிணைப்பு உணவுக்காக ஏற்படுவதன்று, பாதுகாப்புக்காக இயல்பாகவே அமைந்தது என்று விளக்கினார். அவருடைய முதன்மை நூல்கள் 1969இலும் 1973இலும் வெளிவந்தன. மேரி ஐன்ஸ்வொர்த் அம்மையார் இதனைச் சோதிக்க எளிய முறை ஒன்றை வகுத்தார். பழக்கமில்லாத அறையில் தாயும் குழந்தையும். பின்னர் ஓர் அந்நியர் வருவார். தாய் சில நிமிடங்கள் வெளியே சென்று திரும்புவார். குழந்தை என்ன செய்கிறது என்று கவனித்தனர். பிணைப்பு உறுதியாக உள்ள குழந்தை தாய் இருக்கும்போது துணிந்து விளையாடுகிறது, சென்றதும் தேடுகிறது, திரும்பியதும் ஆறுதல் பெற்று மீண்டும் விளையாடச் செல்கிறது.

அதே காலத்தில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் ஆகிய இருவரும் நாய்க்குட்டிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965இல் நூலாக வெளியிட்டனர். ஏறத்தாழ மூன்று வாரம் முதல் பன்னிரண்டு வாரம் வரையுள்ள காலத்தில் குட்டியின் சமூக உறவுகள் உருவாகின்றன என்பதும், பழகிய துணையையும் இடத்தையும் பிரிக்கும்போது குட்டிகள் கதறுகின்றன என்பதும் அவர்கள் கண்டவை.

இவ்விரு ஓடைகளும் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் ஒன்றாயின. ஜோசப் தோப்பால், ஆடம் மிக்லோசி, வில்மோஸ் சானி முதலியோர், ஐன்ஸ்வொர்த் அம்மையாரின் முறையையே 51 நாய்களுக்கும் அவற்றை வளர்ப்போருக்கும் பயன்படுத்தி 1998இல் முடிவுகளை வெளியிட்டனர். வளர்ப்பவர் இருந்தபோது நாய்கள் அறையை ஆராய்ந்து விளையாடின; அவர் சென்றதும் கதவருகே நின்றன; திரும்பியதும் ஓடிச்சென்று அண்டின. குழந்தைகளிடம் கண்ட பிணைப்பின் சாயல் அது. அதே குழுவினர் 2001இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு என் மனத்தை மிகவும் தொட்டது. காப்பகத்தில் வாழும் நாயுடன் ஒருவர் பத்துப் பத்து நிமிடங்களாக மூன்று முறை மட்டுமே பழகினார். அதற்குள்ளாகவே அந்நாய்கள் அவரிடம் பிணைப்பின் அறிகுறிகளைக் காட்டத் தொடங்கின. கைவிடப்பட்ட நாயின் பசி எத்தகையது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அடித்தல் ஏன் அநீதி

வீட்டிற்குத் திரும்புகிறோம். மெத்தை கிழிந்து கிடக்கிறது. நாய் தலையைத் தாழ்த்தி, காதுகளை மடக்கி, ஓரக்கண்ணால் பார்க்கிறது. "செய்த தப்பு அதுக்கே தெரியுது பாருங்க" என்று சொல்லிக் கையை ஓங்குகிறோம்.

அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் அம்மையார் 14 நாய்களைக் கொண்டு நடத்திய ஆய்வை 2009இல் வெளியிட்டார். விலக்கப்பட்ட தின்பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்தக் 'குற்றவாளிப் பார்வை'க்கும் தொடர்பில்லை. வளர்ப்பவர் கடிந்துகொண்டபோதே அப்பார்வை தோன்றியது. எதையும் தின்னாத நாயும் கடிந்தபோது அவ்வாறே பார்த்தது. அஃதாவது, அது குற்ற உணர்வன்று; நம் கோபத்தைக் கண்ட அச்சம்.

பிரிவால் நடுங்கிக் கிடந்த உயிரை, பிரிந்தவர் திரும்பிய அக்கணத்தில் அடித்தால் அது கற்றுக்கொள்வது என்ன? பிரிவும் அச்சம், மீட்சியும் அச்சம் என்பதையே. அழுத குழந்தையை 'அழாதே' என்று அடித்து அமைதியாக்கிய காலம் ஒன்று நம் வகுப்பறைகளிலும் இருந்தது. அந்த அமைதி எத்தகையது என்பதை ராபர்ட்சனின் படம் நமக்குச் சொல்லிவிட்டது.

ஆற்றுவிக்கும் கலை

தீர்க்கும் முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதுவும் ஒரு குழந்தையிடமிருந்தே தொடங்குகிறது. முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்னும் சிறுவனுக்கு மேரி கவர் ஜோன்ஸ் அம்மையார் உதவிய விதம் 1924இல் வெளியிடப்பட்டது. சிறுவன் விரும்பிய உணவை உண்டுகொண்டிருக்கும்போது, அவன் அஞ்சாத தொலைவில் முயலை வைத்தார். நாள்தோறும் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். இறுதியில் சிறுவன் முயலைத் தடவிக்கொடுத்தான். தென்னாப்பிரிக்காவின் ஜோசப் வோல்பே இதே அடிப்படையைப் படிநிலை முறையாக வளர்த்து 1958இல் நூலாக்கினார். 1970களிலும் 80களிலும் அமெரிக்க விலங்கு மருத்துவர் விக்டோரியா வோய்த், பீட்டர் போர்ச்செல்ட் முதலியோர் நாய்களின் பிரிவுத் துன்பத்தை மருத்துவ முறையில் விவரித்து, இப்படிநிலைப் பயிற்சியை அதற்குப் பயன்படுத்தினர். இன்று மருத்துவர்கள் கூறும் அறிவுரைகளின் அடித்தளம் இதுவே.

அதன் சாரத்தைக் கீழே தருகிறேன்.

முதலாவது, உறுதிசெய்தல். வெளியே செல்லும்போது கைப்பேசியிலோ படக்கருவியிலோ நாயைப் பதிவுசெய்து பாருங்கள். பிரிவால் துன்புறும் நாய் பெரும்பாலும் நாம் புறப்பட்ட முதல் அரைமணி நேரத்திற்குள்ளாகவே தவிக்கத் தொடங்கிவிடும். வெகுநேரம் உறங்கிவிட்டுப் பின்னர் செருப்பைக் கடிக்கும் நாய்க்கு இருப்பது சலிப்பாக இருக்கலாம். அதற்கு நடைப்பயிற்சியும் விளையாட்டுமே மருந்து. வீட்டிற்குள் சிறுநீர் கழிப்பது நோயாலும் இருக்கலாம். ஆகவே விலங்கு மருத்துவரை முதலில் காண்பது நன்று.

இரண்டாவது, நிமித்தங்களை மாற்றுதல். மணியோசை கேட்டதும் உணவை எதிர்பார்க்கும் நாயை நாம் பாவ்லோவின் வழியாக அறிவோம். அதுபோன்றே சாவியின் ஓசையும் காலணியும் கைப்பையும் 'போகிறார்கள்' என்னும் நிமித்தங்களாகி நாயை முன்கூட்டியே கலங்கச் செய்கின்றன. எங்கும் செல்லாமல், ஒரு நாளில் பலமுறை சாவியை எடுத்து மீண்டும் வையுங்கள். காலணியை அணிந்துகொண்டு நாளிதழ் படியுங்கள். நாளடைவில் அவ்வோசைகள் பொருளிழந்துவிடும்.

மூன்றாவது, சிறுகச் சிறுகப் பிரிதல். கதவுக்கு வெளியே சென்று சில நொடிகளிலேயே திரும்புங்கள். நாய் கலங்கத் தொடங்குவதற்கு முன்னரே திரும்புவதுதான் இதன் உயிர்நாடி. நொடிகளை நிமிடங்களாக்குங்கள், நிமிடங்களைக் கூட்டுங்கள். ஒருநாள் நாய் கலங்கினால் மறுநாள் முந்தைய படிக்கே திரும்புங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் மாணவனுக்கு மறுநாளே பத்தியைக் கொடுப்போமா? அதே பொறுமை இங்கும் வேண்டும். வாரங்களும் மாதங்களும் ஆகலாம்.

நான்காவது, பயிற்சிக் காலத்தில் நீண்ட நேரம் தனியே விடாதிருத்தல். இதுவே கடினமானது. பாட்டி, தாத்தா, அண்டைவீட்டார், உறவினர், கட்டணம் பெற்றுப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம் என எவருடைய துணையையாவது நாடுங்கள். இன்னொரு நாயை வாங்கிவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் எண்ணுவர். அது தேடுவது ஒரு மனிதரை என்பதால் பெரும்பாலும் அது தீர்வாவதில்லை. கூண்டில் பூட்டுவதும் தீர்வன்று. அஞ்சிய நாய் கம்பிகளைக் கடித்துப் பற்களையும் நகங்களையும் சிதைத்துக்கொள்ளும்.

ஐந்தாவது, தனிமைக்கு ஓர் இனிமையைச் சேர்த்தல். நாய் அதிகம் விரும்பும் உணவை, நக்கியும் உருட்டியும் மெதுவாக உண்ணும்படியான விளையாட்டுப் பொருளுக்குள் வைத்து, புறப்படும்போது மட்டும் கொடுங்கள். பீட்டருக்கு உதவிய அதே வழி. ஆனால் மிகுந்த அச்சத்தில் உள்ள நாய் உணவைத் தொடாது. அப்படியாயின் நாம் படியைத் தாண்டி விரைந்துவிட்டோம் என்று பொருள்.

ஆறாவது, மருந்து. கடுமையாகத் துன்புறும் நாய்களுக்கென்றே அமெரிக்காவில் 1990களின் இறுதியில் ஒரு மருந்தும் 2007இல் மற்றொன்றும் ஒப்புதல் பெற்றன. இவை பயிற்சிக்குத் துணையாவன. பயிற்சிக்கு மாற்று அல்ல. மருத்துவரின் சொல்லின்றி மனிதர் மருந்து எதனையும் நாய்க்குக் கொடுக்கலாகாது.

எவ்வளவு நேரம் தனியே விடலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. சுவீடனில் 12 நாய்களை அரைமணி, இரண்டு மணி, நான்கு மணி என வெவ்வேறு நேரம் தனியே விட்டுப் பார்த்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. அரைமணி கழித்து வந்தவரைவிட, இரண்டு மணி கழித்து வந்தவரை நாய்கள் பெரும் ஆர்வத்துடன் வரவேற்றன. அந்நாய்கள் பிரிவுத் துன்பம் இல்லாதவை. நலமாக உள்ள நாய்க்கும் நாம் இல்லாத நேரத்தின் நீளம் பொருட்டாகவே இருக்கிறது.

2020 கற்பித்தது

2020 மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ஏப்ரல் 7ஆம் நாள் சிங்கப்பூரிலும் கடுமையான கட்டுப்பாடுகள் தொடங்கின. பள்ளிகள் மூடப்பட்டு, நாம் கணினித்திரையின் முன் பாடம் நடத்தியபோது, நம் காலடியில் நாய்கள் படுத்திருந்தன. அவற்றுக்கு அது பொற்காலம். அக்காலத்தில் பிறந்த குட்டிகள் பலவும் ஆளற்ற வீடு என்றால் என்னவென்றே அறியாமல் வளர்ந்தன. பின்னர் ஒருநாள் காலையில் அனைவரும் ஒருசேரக் கிளம்பிவிட்டோம். எவரும் அவற்றுக்கு முன்கூட்டிப் பாடம் நடத்தவில்லை. தேர்வை மட்டும் வைத்துவிட்டோம். பள்ளி விடுமுறை முடியும்போது இன்றும் சிறிய அளவில் இதுவே நிகழ்கிறது. ஆகவே விடுமுறையின் கடைசி வாரத்திலேயே சிறு சிறு பிரிவுகளைத் தொடங்கிவிடுமாறு பெற்றோர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது சிலை

நான் படித்தவற்றைத் தொகுத்து அந்தத் தாயாரிடம் கொடுத்தேன். விலங்கு மருத்துவரிடமும் சென்று வந்தார்கள். பகலில் மாமியார் வந்து தங்க, மாலையில் பையன் பயிற்சியை நடத்தினான். கதவுக்கு வெளியே எத்தனை நொடி நின்றான் என்பதைக் கணிதப் பயிற்சி ஏட்டின் பின்பக்கத்தில் நாள்தோறும் குறித்திருந்தான். ஐந்து, எட்டு, ஐந்து, பத்து, பதினைந்து. நடுவில் பல நாள்கள் எண் குறைந்திருந்தது. ஆனால் ஏட்டை அவன் மூடிவிடவில்லை. அண்மையில் அவ்வேட்டில் நாற்பது நிமிடம் என்று எழுதியிருந்ததைக் கண்டேன். முழு வேலைநாளுக்கு இன்னும் நெடுந்தொலைவு இருக்கிறது. எனினும் நாயை வேறெவருக்கும் கொடுக்கும் பேச்சு இப்போது அவ்வீட்டில் இல்லை.

ஹாச்சிகோவின் கதையில் ஒரு பிற்சேர்க்கை உண்டு. அது இறந்து எண்பது ஆண்டுகள் நிறைவுற்ற 2015 மார்ச் 8ஆம் நாள், தோக்கியோ பல்கலைக்கழகத்தின் வேளாண் புல வளாகத்தில் மற்றொரு சிலை திறக்கப்பட்டது. அதில் ஹாச்சிகோ தனியே அமர்ந்திருக்கவில்லை. பேராசிரியர் திரும்பி வந்துவிட்டார். நாய் பின்னங்கால்களில் எழுந்து அவர்மீது தாவுகிறது. அவர் குனிந்து அதைத் தழுவுகிறார். வாழ்வில் நிகழாத மீட்சியை எண்பது ஆண்டுகள் கழித்து மனிதர் வெண்கலத்தில் நிகழ்த்திக் காட்டினர்.

சிபுயாவின் சிலை காத்திருத்தலைப் போற்றியது. இரண்டாவது சிலை, காத்திருந்த உயிர் வேண்டியது என்ன என்பதைச் சொல்கிறது. பேராசிரியரால் திரும்ப இயலவில்லை. நாமோ நாள்தோறும் மாலையில் திரும்புகிறோம். அப்படியிருந்தும் அதை நம் நாய்க்குச் சொல்லிக்கொடுக்க மறந்துவிடுகிறோம். வகுப்பறை வாசலில் அழும் குழந்தைக்கு நாம் கற்பிக்கும் அந்த முதற்பாடத்தை, வீட்டு வாசலில் அழும் அவ்வுயிருக்கும் கற்பிப்போம். மொழியறியாத மாணவர் அது. ஆகவே ஆசிரியருக்குச் சற்று அதிகப் பொறுமை வேண்டும், அவ்வளவே.